சிமிழுக்குள் இருப்பது உயிரா?

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று ஓர் இளந்தாய் எழுதியது. அவருடைய ஏழு மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து வெடித்து நீர் கசிகின்றதாம். இராமுழுதும் குழந்தை சொறிந்து அழுகின்றது. தாயோ அதன் பிஞ்சுக் கைகளுக்குத் துணியுறை இட்டுவிட்டு, விளக்கை அணையாது விழித்திருக்கின்றார். வைத்தியர் இது கரப்பான் என்று கூறிப் பூச்சு மருந்து கொடுத்திருக்கின்றார். அதனோடு அமையாது, உறவினர் ஒருவரின் சொற்கேட்டு, வெளிநாட்டுக் களிம்புச் சிமிழ் ஒன்றையும், தூள் அடைத்த கப்சூல் போத்தல் ஒன்றையும் அவர் வாங்கிவிட்டார். கணவரின் மாதச் சம்பளத்திற் காற்பங்கு அதற்கே போயிற்றென்று எழுதியிருக்கின்றார். இரண்டின் மேலும் 'புரோபயோட்டிக்' என்னும் சொல் உண்டு.

"ஐயா, நன்மை செய்கிற கிருமி இதற்குள் உயிரோடு இருக்கிறதென்று கடைக்காரர் சொன்னார். உண்மையாகவே உயிரோடுதான் இருக்கிறதா? இருந்தால் பிள்ளையின் வெடித்த தோலிற் பூசலாமா? செத்துப்போயிருந்தால் இவ்வளவு காசு எதற்கு?" என்று அவர் கேட்கின்றார்.

மூன்றும் நல்ல கேள்விகள். அவற்றுள் மூன்றாவதே மிகக் கூர்மையானது. அறிஞர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனையே தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்பதை அத்தாய் அறியமாட்டார்.

முதலிற் சொல்லின் பொருளைப் பார்ப்போம். 2001 ஆம் ஆண்டில் ஆர்ஜென்டினா நாட்டுக் கோர்டோபா நகரில், உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு இச்சொல்லுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. போதிய அளவிற் கொடுக்கப்படும்போது உடலுக்கு நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணங்கிகளே புரோபயோட்டிக் ஆகும் என்பது அதன் சாரம். உயிர் இருத்தல் வேண்டும். அளவு போதியதாதல் வேண்டும். நன்மை மெய்ப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் அப்பெயருக்கு உரிமை இல்லை. ஆனால் கடையில் விற்கும் சிமிழ்கள் இலக்கண நூல் படித்துவிட்டு வருவதில்லை.

உயிர் இருப்பதும் இல்லாததும் என்ன வேறுபாட்டை விளைவிக்கும் என்பதை எமது இல்லத்தரசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதன் பின்னரே உறைமோர் விடுகின்றோம். அவசரப்பட்டுக் கொதிக்கும் பாலில் விட்டால் மறுநாட் காலையிற் சட்டியில் தயிர் இராது. மோரில் இருந்த பற்றீரியாக்கள் வெந்து மாண்டுபோகின்றன; மாண்டவை பெருகுவதுமில்லை, பாலைப் புளிக்க வைப்பதுமில்லை. ஆயினும் அவற்றின் உடல்கள் அப்பாலிலேயே கிடக்கின்றன என்பதை இங்கே மறத்தலாகாது. கலச்சுவர் கிடக்கின்றது, அதனுட் கிடந்த புரதங்கள், கொழுப்புகள், அமிலங்கள் யாவும் ஒரு வகையில் அங்கேயே உள்ளன. அவ்வுடல்களால் யாதேனும் பயன் உண்டா என்பதே எம் வாசகியின் மூன்றாம் கேள்வி.

போத்தலில் உள்ள தூள் எவ்வாறு உண்டாகின்றது என்பதைச் சற்றே விரித்துரைப்போம். மாணவர்களுக்கும் அது பயன்படும். பெரிய உருக்குத் தொட்டிகளில் ஊட்டம் மிகுந்த நீரிற் பற்றீரியாவை வளர்க்கின்றனர். பெருகியபின் அந்நீரை மிக வேகமாகச் சுழற்றி, அடியில் ஒதுங்கும் பற்றீரியாக் குழம்பைப் பிரித்தெடுக்கின்றனர். அதனை ஈரமாகவே வைத்தால், உள்ள உணவை உண்டு, தாம் சுரக்கும் புளிப்பிலே தாமே நலிந்து அழியும். ஆதலின் உலர்த்தல் அவசியமாகின்றது. உலர்த்தும் வழிகளுள் மென்மையானது, குழம்பை உறையவைத்து, காற்றகற்றிய அறையில் அப்பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகும்படி செய்தல். மென்மையானது என்றோமே தவிர, பற்றீரியாவுக்கு அது இன்பமான அநுபவமன்று. கலத்தினுள்ளும் புறத்தும் நீர் உறையும்போது உண்டாகும் பனி ஊசிகள் மென்சவ்வைக் கிழிக்கின்றன. நீர் நீங்க நீங்கப் புரதங்கள் உருக்குலைகின்றன. இதனைத் தடுக்கவே ஆடை நீக்கிய பாலையோ, ட்ரெஹலோஸ் போன்ற சீனிவகையையோ முன்னதாகக் கலக்கின்றனர். நீர் நின்ற இடத்தில் அச்சீனி நின்று மென்சவ்வைத் தாங்குகின்றது. மற்றொரு வழி, குழம்பைச் சூடான காற்றினுள் நுண்துளிகளாகத் தூவிக் கணப்பொழுதிற் காயவைத்தல். செலவு குறைவு, சாவு அதிகம்.

இவ்வாறு காய்ந்த பற்றீரியா இறந்ததுமன்று, நாம் எண்ணும் பொருளில் வாழ்வதுமன்று. விதை நெல்லைப் போல் உறங்கிக் கிடக்கின்றது. ஈரமும் வெப்பமும் காற்றும் அவ்வுறக்கத்தைச் சாவாக்கிவிடும். போத்தலின் மேல் 'ஆயிரங் கோடி' என்று அச்சிட்டிருந்தால், அது தயாரித்த நாளின் கணக்கா, காலாவதியாகும் நாளின் கணக்கா என்று பார்த்தல் வேண்டும். முன்னையதாயின், கப்பலிலும் களஞ்சியத்திலும், அதன் பின் எமது நாட்டின் புழுங்கும் அடுப்படித் தட்டிலும் கிடந்த காலத்துக்குரிய கழிவை நாமே கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, அப்போத்தலில் உள்ள பற்றீரியாவைப் பற்றி. வாசகி பிரதிபண்ணி அனுப்பியுள்ள பெயர் லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜீ.ஜீ. என்பது. ஜீ.ஜீ. என்றதும் எமது பெரியோர்களின் நினைவு அரசியல் மேடைக்கு ஓடிவிடும். இங்கே அவ்வெழுத்துக்கள் கோர்பாக், கோல்டின் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளரின் பெயர்களைக் குறிப்பன. அவர்கள் 1980களின் முற்பகுதியில் நலமுள்ள மனிதரின் குடலிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். பின்னர் இது பின்லாந்து நாட்டிற் பெரும் புகழ் பெற்றது. அந்நாட்டுத் துர்க்கு நகர ஆய்வாளர், ஒவ்வாமை நோய் உள்ள குடும்பங்களிற் கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலத்தின் முன் சில கிழமைகளும், பிறந்தபின் ஆறு மாதங்களும் இதனைக் கொடுத்துப் பார்த்தனர். குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது, மருந்தில்லாப் போலித் தூள் பெற்ற பிரிவில் 68 பேரில் 31 பேருக்குக் கரப்பான் கண்டிருந்தது. பற்றீரியா பெற்ற பிரிவில் 64 பேரில் 15 பேருக்கே கண்டது. 2001 இல் இம்முடிவு வெளியானபோது உலகெங்கும் தாய்மார் இதனைத் தேடலாயினர்.

அதே துர்க்கு நகரிலிருந்து 2003 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அத்துணை புகழ் பெறவில்லை. எம் கேள்விக்கு அதுவே முக்கியமானது. கரப்பானும் பசுப்பால் ஒவ்வாமையும் உள்ள 35 கைக்குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெறும் சிறப்புப் பால்மா. ஒரு பிரிவுக்கு அதே மாவில் உயிருள்ள ஜீ.ஜீ.; மூன்றாம் பிரிவுக்கு வெப்பத்தாற் கொல்லப்பட்ட ஜீ.ஜீ. பால்மா ஒன்று, பற்றீரியா ஒன்று. வேறுபாடு சூடு ஒன்றே. மூன்று பிரிவிலும் தோல் ஓரளவு தேறிற்று. உயிருள்ளதைப் பெற்ற பிரிவிலே கூடுதலாகத் தேறிற்று. ஆனால் இறந்த பற்றீரியாவைப் பெற்ற குழந்தைகளுக்கு வயிற்றுக்குழப்பமும் வயிற்றோட்டமும் கண்டன. உடனே புதிய குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டனர். இறந்தது தீங்கற்றது, அஞ்சவேண்டாம் என்றே எவரும் எண்ணியிருப்பர். அவ்வெண்ணத்தைப் பச்சைக் குழந்தைகளின் வயிறு பொய்ப்பித்தது.

சூட்டினாற் கொல்வது பெரிய மாற்றம். அதனிலும் சிறிய மாற்றங்களும் வினை செய்கின்றன. பல்வேறு விற்பனைப் பொருள்களிலிருந்து அதே ஜீ.ஜீ. பற்றீரியாவை மீண்டும் வளர்த்து எடுத்துச் சோதித்தபோது, குடற்சளியில் ஒட்டும் திறனும், தீய கிருமிகளை விலக்கும் திறனும் பொருளுக்குப் பொருள் வேறுபட்டிருந்தன என்று துர்க்கு ஆய்வாளர்களே 2011 இல் அறிவித்தனர். பெயர் ஒன்று, குலம் ஒன்று, வளர்ந்த வீடு வேறு. ஜீ.ஜீ. பற்றீரியாவின் மேனியில் நுண்மயிர்கள் உள என்பதும், அவை கொண்டே அது சளியிற் பற்றி நிற்கின்றது என்பதும் 2009 இல் வெளிப்பட்ட உண்மை. வேகமாய்ச் சுழற்றியும், காய்ச்சியும், காய்ந்தபின் இடித்தும் செல்லும் பாதையில் இத்தகைய மெல்லிய உறுப்புக்கள் பழுதுறாது தப்புமா என்பது எளிய கேள்வியன்று.

இவ்விடத்து நேர்மையாக ஒன்றைக் கூறுவோம். 2008 இல் ஜெர்மனியின் பிரைபேர்க் நகரில் இதே ஜீ.ஜீ.யைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துச் செய்த ஆய்வில் யாதொரு பயனும் காணப்படவில்லை. பற்றீரியா பெற்றோரில் நூற்றுக்கு 28 பேர், பெறாதோரில் நூற்றுக்கு 27 பேர் கரப்பான் கண்டனர். பின்லாந்துக் குழந்தைகளும் ஜெர்மானியக் குழந்தைகளும் வேறுபட்டவரா, கொடுத்த தூள் வேறுபட்டதா, அன்றி முதல் முடிவுதான் தற்செயலா என்று வாதிப்போர் வாதிக்கின்றனர்.

இனிச் சிமிழுக்கு வருவோம். குழந்தையின் தோலிற் பூசப்போவது இதனையல்லவா? வாசகி அனுப்பியுள்ள பட்டியலில் 'பைஃபிடா ஃபெர்மென்ட் லைசேட்' என்றொரு பெயரும், சற்றுக் கீழே 'பினொக்சியெதனோல்' என்றொரு பெயரும் உள்ளன. இவ்விரு பெயரும் சேர்ந்து அவருடைய முதற் கேள்விக்கு விடை கூறிவிடுகின்றன. பினொக்சியெதனோல், களிம்பிற் கிருமி வளராது தடுக்கும் காப்பு மருந்து. அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. களிம்பில் நீர் உண்டு, விரல் விட்டு எடுக்கின்றோம், மாதக்கணக்கில் வைத்திருக்கின்றோம். ஆதலின் காப்பு மருந்து வேண்டும். சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் 2014 இல் வெளியிட்ட அளவுகோலின்படி, அழகுசாதனப் பொருளொன்றின் ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் உயிருள்ள நுண்ணங்கிகள் இருத்தலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதாயின் நூறுக்கு மேல் ஆகாது. போத்தலிலோ ஆயிரங் கோடி என்று பெருமை பேசுகின்றோம். சிமிழிலோ ஆயிரத்தைத் தாண்டினாற் பழுது என்று தள்ளுகின்றோம். இரண்டின் மேலும் ஒரே சொல்லைப் பொறிக்கின்றார்கள்!

'லைசேட்' என்பது உடைத்தெடுத்த சாறு. பற்றீரியாக் கலங்களைக் காதுக்குக் கேளாத ஒலியலைகளால் அதிரச் செய்தோ, பேரழுத்தத்தால் நசுக்கியோ, வேறு வழிகளாலோ உடைத்து, உள்ளீட்டை வெளிப்படுத்தி எடுப்பது. கடைக்காரர் சொன்னது தவறு; அதில் உயிர் இல்லை. அதனால் அது பயனற்றது என்று முடிவு கட்டிவிடுவதும் தவறாகும். எவ்வாறு கொன்றார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இதற்கு இத்தாலியிலிருந்து ஓர் அழகிய சான்று உண்டு. எமது தோலின் மேற்படையிற் செங்கற்களைப் போலக் காய்ந்த கலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே சாந்து போல் நிற்பவை செரமைட்டு முதலிய கொழுப்புகள். கரப்பான் கண்ட தோலில் இச்சாந்து குறைவு. ஆதலினாலேயே ஈரம் வெளியேறித் தோல் வெடிக்கின்றது. யோகட் தயாரிக்கப் பயன்படும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ் என்னும் பற்றீரியாவினுள், செரமைட்டைப் பிறப்பிக்கும் நொதியம் ஒன்று உண்டு. இத்தாலிய ஆய்வாளர் அப்பற்றீரியாவை ஒலியலைகளால் உடைத்துக் களிம்பிற் கலந்து, 1999 இல் நலமுள்ளோர் கைகளிலும், 2003 இற் கரப்பான் நோயாளர் 11 பேரின் கைகளிலும் பூசினர். செரமைட்டு அளவு உயர்ந்தது. நோயாளரின் சிவப்பும் அரிப்பும் தணிந்தன. பற்றீரியா இறந்ததுதான், நொதியம் சாகவில்லை. கலத்தை உடைத்ததனாலேயே நொதியம் வெளிவந்து தோலை அடைந்தது. ஒலியலைக்குப் பதிலாகக் கொதிநீரை ஆண்டிருந்தால், முட்டையின் வெண்கரு வெந்து கட்டிப்படுவதுபோல நொதியமும் உருக்குலைந்திருக்கும். பதினொருவர் மிகச் சிறிய தொகை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. ஆயினும் செய்முறையே மருந்தாக அமைவதற்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் அறியோம்.

அப்படியாயின் வெப்பத்தாற் கொன்றது தோலுக்கு உதவாதோ? அங்கேயும் உலகம் எம் விருப்பப்படி நேராக நடப்பதில்லை. லக்டோபசிலஸ் ஜோன்சோனீ என்னும் பற்றீரியாவின் ஓரினத்தை வெப்பமூட்டிக் கொன்று கலந்த பூச்சொன்றை, கரப்பான் நோயாளர் 31 பேருக்கு மூன்று கிழமை பூசிய ஆய்வு 2017 இல் வெளியாயிற்று. கரப்பானிற் குடியேறி அதனை மோசமாக்கும் ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி அவர்கள் தோலிற் குறைந்தது; புண்ணும் தணிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போலிப்பூச்சு பெற்ற பிரிவு அதில் இல்லை; ஆதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் வெந்த கலச்சுவர் கூடத் தோலோடு ஏதோ பேசுகின்றது என்ற அளவுக்குக் கொள்ளலாம். குடலிலே ஓரினம் வெந்து தீங்கு செய்தது. தோலிலே மற்றோரினம் வெந்து நன்மை செய்தது போலும். இத்தகைய உயிரற்ற தயாரிப்புக்கள் பெருகியதனாலேயே அறிஞர் 2021 இல் 'போஸ்ட்பயோட்டிக்' என்னும் பெயருக்கு முறைப்படி இலக்கணம் வகுத்தனர். அப்பெயரைச் சிமிழின்மேற் காண்பது அரிது. பழைய பெயருக்கே சந்தையில் மவுசு.

உயிருள்ள பற்றீரியாவையே தோலிற் பூசும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகர ஆய்வாளர், உலர்ந்த லக்டோபசிலஸ் பற்றீரியாக்களை நுண்ணிய உறைகளில் அடைத்துக் களிம்பிலிட்டு, முகப்பரு உள்ளோரிடம் சோதித்து 2022 இல் நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டனர். களிம்பின் ஈரம் பற்றீரியாவை எழுப்பிவிடாது காப்பது உறையின் வேலை. பூசித் தேய்க்கும்போது அது உடைகின்றது. மறுபுறம், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர், நலமுள்ள தோலில் வாழும் ரோசியோமோனஸ் மியூகோசா என்னும் பற்றீரியாவை உயிரோடு தெளித்து, 2018 இற் பெரியவர் 10 பேரிலும் சிறுவர் 5 பேரிலும் நல்ல குணங் கண்டனர். அதன்பின் ஒரு நிறுவனம் அதனை மருந்தாகத் தயாரித்துப் பெருந்தொகையினரிடம் போலிமருந்துடன் ஒப்பிட்டபோது, 2021 இல் அம்முயற்சி தோல்வியுற்றது.

இனி அத்தாயின் கேள்விகளுக்கு நேரே விடை கூறுவோம்.

சிமிழில் உள்ளது உயிரற்றது. பைஃபிடா சாறு கொண்ட களிம்பினால் எளிதிற் சிவக்கும் தோலுள்ள பெண்கள் சிலருக்கு ஆறுதல் உண்டானதாக ஆய்வு உண்டு. ஆனால் அவர்கள் வளர்ந்த பெண்கள், ஏழு மாதக் குழந்தையல்லர். களிம்பின் பெயரில் வாசனைத் திரவியமும் சேர்ந்திருந்தால் வெடித்த தோலை அது எரிக்கவுங்கூடும். வைத்தியரிடம் சிமிழையே கொண்டுபோய்க் காட்டாது குழந்தைக்குப் பூசவேண்டாம்.

போத்தலில் உள்ளது உயிருள்ளதாய் இருக்கலாம். எனினும் ஏற்கெனவே வந்த கரப்பானை அது மாற்றும் என்று நம்பிக் காத்திருத்தல் ஆகாது. 39 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 2,599 பேரையும் ஒருங்கே நோக்கிய கொக்ரேன் மதிப்பீடு, நோயாளர் தாமே உணரும் அரிப்பிலும் தூக்கமின்மையிலும் புரோபயோட்டிக் தூள்களால் வேறுபாடு சிறிதே அல்லது இல்லை என்று 2018 இற் கூறிவிட்டது. தாமே ஏழு மாதம் விழித்திருந்த ஒருவருக்கு இவ்விடை கசக்கும் என்பதை அறிவோம். குழந்தை நிறைமாதத்திற் பிறந்து, வேறு நோயில்லாதிருப்பின் பெரும்பாலும் தீங்கில்லை. குறைமாதக் குழந்தைகள் விடயம் வேறு. அத்தகைய குழந்தையொன்று, கொடுக்கப்பட்ட பற்றீரியாவே இரத்தத்திற் புகுந்து இறந்ததையடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 இல் வைத்தியசாலைகளை எச்சரித்தது. வைத்தியர் தந்த பூச்சு மருந்தையும், நாள்தோறும் குளிப்பாட்டியவுடன் தோலுக்குப் பூசும் வாசனையற்ற எண்ணெய்ப் பசையையும் நிறுத்தாது தொடர்வதே அக்குழந்தையின் இரவுகளை மீட்கக்கூடியது.

கடிதத்தின் ஓரத்தில், "மாமி தயிரைப் பூசச் சொல்லுகிறா" என்றொரு வரியும் உண்டு. தயிரில் உள்ளது மெய்யாகவே உயிருள்ளது, விலையும் மலிவு. ஆனால் அதிற் பசுப்பாற் புரதமும் உண்டு. வெடித்த தோலின் வழியாக உட்புகும் உணவுப் புரதம் அவ்வுணவுக்கே ஒவ்வாமையை உண்டாக்கவல்லது. யப்பானில் 2010 ஆம் ஆண்டையொட்டி, அமிலமும் வெப்பமும் கொண்டு சிதைத்த கோதுமைப் புரதம் சேர்ந்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பாவித்தோரில் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் கோதுமை உண்ண முடியாதவராயினர். அதற்கு முன் பாணும் நூடில்சும் யாதொரு தடையுமின்றி உண்டுவந்தவர்கள் அவர்கள். ஆகவே மாமி மனம் நோகாதபடி தயிர்ச் சட்டியைச் சாப்பாட்டு மேசைக்குத் திருப்பிவிடுக.

முகப்பருவுக்கு மோர் பூசலாமா என்று வினவியிருந்த கல்லூரி மாணவிக்கு அடுத்த கிழமை எழுதுவோம்.